கப்பலில் என்ன குழம்பு

மாரியப்பனின் வாயோரம் மறுபடியும் ரத்தம் வழிந்தது. கோவிந்தம்மாள் முந்தானையைச் சுருட்டித் துடைத்தாள். அவள் மடியில் கிடந்த புருஷனின் தலை வண்டி குலுங்கும்போதெல்லாம் தொடையில் இடித்தது. எதிரே உட்கார்ந்திருந்த கொழுந்தன் முருகையன் அந்த ரத்தத்தைப் பார்த்தான். பார்த்த மறுகணம் மூட்டையிலிருந்து கதிர் அரிவாளை உருவிக்கொண்டு, ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தான்.

“அவன் தலைய எடுத்துட்டுத்தான் கப்பலு!”

வந்த வழியே, ஊரான பெருமுக்கல் பக்கம் திரும்பி ஓடினான்.

“வண்டிய நிறுத்துண்ணே!” என்று கத்திய கோவிந்தம்மாள், வண்டி ஓட்டிய கண்ணையனின் கையிலிருந்து தார்க்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். கண்ணீர் மறைத்ததோ என்னவோ, முருகையன் வரப்பில் இடறி விழுந்தான். எழுவதற்குள் முதுகில் விழுந்தது ஒன்று. தோளில் ஒன்று. மூன்றாவது, அவன் இடது கையில் பழுத்திருந்த கொப்புளத்தின் மேலேயே விழுந்தது. ஐயோ என்று சுருண்டான். பத்து வயதிலிருந்து சோறு போட்டு வளர்த்த பிள்ளையை அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாக அடித்தாள்.

“நீ அவன வெட்டுவ. உன்ன தூக்குல போடுவான். அப்புறம் இந்த மனுசனுக்கு யாருடா இருக்கா? கப்பல் ஏறுடா. உசுரோட எங்கனா போய்ச் சேருடா!”

அரிவாளைப் பிடுங்கிப் பக்கத்து ஏரிக்குள் வீசினாள். அவன் எழுந்து திரும்பி வந்தான். ஆனால் வண்டியில் ஏற மாட்டேன் என்று மாட்டுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான்.

எல்லாம் ஒரு வேப்பிலைக் கொத்தால் வந்த வினை. பினாங்குத் தோட்டத்தில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்த கண்ணையன், ஆள் சேர்க்கும் கங்காணியாக ஊருக்கு வந்திருந்தான். அம்மை குத்திய தழும்பு இல்லாவிட்டால் கப்பலில் தொல்லை என்று அவன்தான் அண்ணன் தம்பி இருவரையும் பண்ணைக்குத் தெரியாமல் திண்டிவனத்துக்குக் கூட்டிப்போய்க் குத்திக்கொள்ளச் செய்தான். ஐந்தாம் நாள் இருவர் கையிலும் கொப்புளம் எழும்பியது. உடம்பு கொதித்தது. கோவிந்தம்மாளுக்கு அது ஊசியின் வேலை என்று தோன்றவில்லை. கொப்புளம் என்றால் மாரியாத்தாதான். ஊசி வைத்துக் கூப்பிட்டாலும் வந்தவள் வந்தவள்தானே? வாசலில் வேப்பிலை செருகினாள். தாளிப்பதை நிறுத்தினாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

முந்தின நாள் தெருவோடு போன கோதண்டபாணி அந்த வேப்பிலையைப் பார்த்தார். பண்ணையின் காரியக்காரர் அவர். ஏப்பம் விடுவதற்குக்கூடப் பண்ணையாரின் முகத்தைப் பார்க்கிற ஆள், அடிப்பதற்கு மட்டும் யாரையும் கேட்பதில்லை. பண்ணை வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்களே என்று தெருவிலேயே நின்று, இருவரையும் வாசலுக்கு வரச்சொல்லிப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார்.

“ஏண்டா, ஆத்தா அண்ணனுக்கும் தம்பிக்கும் அளவெடுத்தாப்ல ஒரே எடத்துலயா வந்தா?”

அம்மை குத்திக்கொண்டவன் கப்பலுக்குத்தான் போவான் என்று அவருக்குத் தெரியும். அறுப்புக் காலம். களத்தில் ஆள் குறைந்தால் பண்ணையார் அவரைத்தான் கேட்பார். முருகையனை அவருடைய ஆட்கள் இரண்டு பேர் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். பூண் போட்ட தடியின் முதல் அடி மாரியப்பனின் கொப்புளத்தின் மேல் விழுந்தது. சீழும் ரத்தமும் சுவரில் தெறித்தன. கீழே விழுந்தவனை வயிற்றில் மிதித்தார் கோதண்டபாணி. “கப்பலு கேக்குதாடா, கப்பலு!” மிதிக்கு ஒரு கப்பல். எட்டுக் கப்பல் வரைக்கும் கோவிந்தம்மாளுக்கு நினைவிருக்கிறது. அடித்த கை வலித்த பிறகுதான் வீட்டுக்குப் போனார். வேப்பிலை செருகிய தன் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. விடிந்ததும் விடியாததுமாகக் கண்ணையன் இரவல் வண்டி கொண்டுவந்து மூவரையும் ஏற்றிக்கொண்டான். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு ரயில் ஏறுவதாகப் பேச்சு.

பாதி வழியில் மாரியப்பன் கண்ணைத் திறந்தான்.

“கண்ணையா... சொல்லேன்.”

“இன்னாத்த சொல்ல?”

“கப்பலு.”

ஒரு மாதமாக அவனுக்கு இதே பேச்சுதான். கண்ணையன் மாட்டைப் பார்த்தபடியே ஆரம்பித்தான்.

“நாகப்பட்டணத்துல ஏறினா ஏழாம் நாளு பினாங்கு. இது மாசி மாசம், கடலு கொளத்துத் தண்ணி மாதிரி கெடக்கும். நான் போனது ஐப்பசி. கொடலே வெளிய வந்துடுச்சி. மொத ரெண்டு நாளு ஊறுகாய நக்கிக்கினு படுத்துக் கெடந்தேன்.”

“எறங்குன ஒடனே தோட்டந்தானா?” முன்னால் போன முருகையன் திரும்பாமலே கேட்டான். அவனுக்கும் ஆசை இல்லாமலா இருக்கும்.

“அவ்ளோ ஜல்தியா உடமாட்டான். ஒரு தீவுல எறக்கி வச்சிக்குவான். துணிமணிய ஆவில அவிப்பான், ஆள மருந்துத் தண்ணில முக்கி எடுப்பான். பெரிய பேஜாரு. அம்மை, வாந்தி பேதி எதுனா இருக்குதான்னு நாக்கு வரைக்கும் பாப்பான். ஒண்ணுமில்லன்னா ஒரு வாரத்துல உட்ருவான்.”

மாரியப்பன் தலையை லேசாகத் திருப்பினான். “கப்பல்ல... இன்னா கொழம்பு?”

கண்ணையன் சிரித்தான். “பருப்புதான். ஒரு நாளு கருவாடு போடுவான். ஆனா ரெண்டு வேளையும் அரிசிச் சோறு. கேப்பைக் களிய அங்க கண்ணாலகூட பாக்க முடியாது.”

மாரியப்பனின் நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போட்டது. கோவிந்தம்மாள் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். மூக்கின் முன் புறங்கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு வரவில்லை. தொண்டை வரை எழும்பிய கத்தலோடு அவள் நிமிர்ந்தபோது, பத்தடி தூரத்தில் முருகையனின் முதுகு தெரிந்தது. சட்டையில்லாத முதுகில் அவள் அடித்த தடிப்பு. ரோட்டின் இரண்டு பக்கமும் அறுப்பு நடந்தது, ஆளுக்கொரு அரிவாள். அவள் வீசியது ஒன்றைத்தானே? அவன் கை நீட்டினால் இன்னொன்று. கோவிந்தம்மாள் தன் முழங்கையைக் கடித்தாள், பல் இறங்கி உப்புக் கரிக்கும்வரை கடித்தாள்.

“அண்ணன் இன்னா சொல்லுது, அண்ணி?”

“இன்னா கருவாடுன்னு கேக்கறாரு.”

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, கண்ணையன் சட்டென்று திரும்பினான். மாரியப்பனின் திறந்த கண்ணைப் பார்த்தான். அவன் வாய் கோணியது. அவள் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று.

“சொல்லுண்ணே. அவரு கேக்கறாரில்ல.”

“நெத்திலி,” என்றான் கண்ணையன். மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான். “வாளை. கத்திரிக்கா போட்டு... புளி கரைச்சி ஊத்தி...”

கப்பலில் கத்திரிக்காய் ஏது? ஆனாலும் போட்டான். முருங்கைக்காய் போட்டான், மாங்காய் போட்டான், மல்லாட்டைக் கடலையை வறுத்து அரைத்து ஊற்றினான். அவள் கேட்கக் கேட்க, கன்னத்தில் வழிவதைத் துடைக்காமல், கங்காணி திண்டிவனம் வரைக்கும் குழம்பு வைத்துக்கொண்டே வந்தான். அதற்கிடையே அவள் புருஷனின் கண்ணை மூடி, முகத்தின் மேல் துண்டைப் போட்டாள்.

ஸ்டேஷனுக்கு வெளியே புளிய மரத்தடியில் வண்டி நின்றபோது விழுப்புரம் போகிற ரயிலுக்குக் கைகாட்டி இறங்கிவிட்டது. முருகையன் வண்டியருகே வந்தான்.

“தூங்கறாரு. எழுப்பாத,” என்றாள். “நான் ஆஸ்பத்திரில காட்டிட்டு அடுத்த வண்டில கூட்டிக்கினு வர்றேன். நீ முன்னாடி போ.”

“நான் மட்டும் எப்பிடி அண்ணி?”

“பேரு குடுத்ததுல ஒருத்தனாவது போய் நிக்கணும்டா,” என்று கண்ணையன் அவன் தோளைப் பிடித்தான். “கப்பலு யாருக்காகவும் நிக்காது.”

முருகையன் குனிந்து அண்ணனின் பாதத்தைத் தொட்டான். வழி நெடுக வெயிலில் கிடந்த கால்.

“காய்ச்சல் இன்னும் எறங்கலியே, அண்ணி. கஞ்சி எதுனா வாங்கிக் குடு.”

“குடுக்கறேன். நீ போ.”

ரயிலேற்றிவிடக் கண்ணையன் அவனை இழுத்துக்கொண்டு போனான். வேலிக்கு அந்தப் பக்கம் ரயில் வந்து நின்றது. முருகையனின் முகம் ஜன்னலில் தெரிந்தது, வண்டியைத் தேடிக் கையாட்டினான். அவளும் ஆட்டினாள். அப்போது எஞ்சின் ஊதியது.

அந்தச் சத்தத்துக்குள் கோவிந்தம்மாள் வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து, இரண்டு கையாலும் மார்பில் அறைந்துகொண்டு, புருஷனின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். எஞ்சின் ஊதிக்கொண்டே இருந்தது.

நகரும் ஜன்னலில் முருகையன் காதில் கையை வைத்து எட்டிப் பார்த்தான்.

“இன்னா அண்ணி? கேக்கல!”

சத்தம் நின்றது. அவள் வாயை மூடினாள். விழுப்புரம் இருக்கிற பக்கமாகக் கையை நீட்டிக் காட்டினாள். ஊதல் சத்தத்தில் மிரண்டிருந்த மாடு நுகத்தை இழுத்தது. அவள் இறங்கிப்போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.