சுறா எண்ணெய்

இன்ஜின் ஓடியது. விளக்கு எரியவில்லை.

மாசி மகத்துக்கு எண்ணூர்க் குப்பத்தில் நாடகம். மணலில் கொட்டகை போட்டு, சவுக்குக் கம்பங்களில் பல்பு கட்டியாயிற்று. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கருணாகரன் பல்பை மாற்றிப் பார்த்தான். வயரை முனைக்கு முனை தடவிப் பார்த்தான். சுவிட்சைக் கழற்றிச் சுரண்டினான். இன்ஜின் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் தடதடத்துக்கொண்டிருந்தது.

உலகச் சண்டை முடிந்ததும் ராணுவம் விற்றுத் தள்ளிய ஜெனரேட்டர் செட் அது. பவர் ஹவுஸில் ராத்திரி ஷிப்ட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அதை வாங்கினான். கல்யாணம், திருவிழா என்று வாடகைக்கு விட்டுப் பிழைப்பு. இன்று எரியாவிட்டால் குப்பத்து வேலை தங்கப்பாண்டிக்குப் போய்விடும். அவர் திருநெல்வேலிக்காரர். மொத்த மளிகை, சொந்த லாரி, அது போதாதென்று காஸ் விளக்கு வாடகை.

"என்னவே கருணாகரா, சத்தம் மட்டுந்தான் வருது?" என்றார் தங்கப்பாண்டி. "ராசா வேசங் கட்டுறவன் இருட்டுக்குள்ள அழுதா எவனுக்குத் தெரியும்?"

"எரியும். உங்க லாரி பேட்டரியக் குடுங்க, அதுக்கும் வாடகை வாங்கிக்குங்க. மழை பூரா செட்டு சும்மா கெடந்துச்சு. உள்ள காந்தம் தூங்கிப்பூட்டுது. பேட்டரியால தொட்டு எழுப்பணும்."

பேட்டரியைத் தோளில் சுமந்து வந்தவன் மனோகரன். அது கருணாகரனுக்குப் பிடிக்கவில்லை. மனோகரன் அவன் பெண்டாட்டி மங்கைக்கு அத்தை மகன், முறைப்படி அவளைக் கட்டியிருக்க வேண்டியவன். மங்கை மாட்டேன் என்று சொல்லி, ராயபுரத்துக் கருணாகரனைக் கட்டிக்கொண்டாள். ஆனால் மனோகரனை இன்னும் 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறாள். புருஷன் அவளுக்கு 'யோவ்'. ஊரில் எவனும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. கருணாகரன் ஒவ்வொரு தடவையும் நினைத்தான்.

"எங்க வெக்கிறது நைனா?"

"கீழ."

"கீழன்னா மணல்லயா, என் கால்மேலயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மங்கையும் சிரித்தாள்.

ஓடுகிற மிஷினின் காந்தச் சுருளில் பேட்டரி வயரை ஒரு கணம் தொட்டான். பொறி பறந்தது. பல்பு எரியவில்லை. இன்னொரு தரம் தொட்டான். அப்போதும் இல்லை.

இன்ஜினை நிறுத்தினான். மிஷினின் பின்பக்கம் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு ஜன்னல் உண்டு. உள்ளே செம்பு உருளை சுழலும். அதை உரசியபடி இரண்டு கரிக்கட்டைகள் நின்று மின்சாரத்தை வாங்கும். தகட்டைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது.

சுறா எண்ணெய். செம்பு முழுக்கப் பிசின்போல் படிந்து காய்ந்திருந்தது. நடுவில் எண்ணெய்த் தோல் இருக்கும்போது கரிக்கு எங்கிருந்து மின்சாரம் வரும்?

கட்டுமரத்துக்குப் பூசுகிற எண்ணெய் அது. குப்பத்தில் சுறா ஈரல் காய்ச்சுவது ஒரே வீட்டில்தான், மனோகரனின் தாய் பவுனம்மாள் வீட்டில்.

ஐப்பசி, கார்த்திகையில் கருணாகரன் கூடூர் சினிமாக் கொட்டகையில் இன்ஜின் ஓட்டப் போயிருந்தான். செட் வீட்டுக்குள் இருந்தது, பாய் விரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில். அங்கே ஒருத்தன் வந்து, உட்கார்ந்து, நிதானமாகத் தகட்டைத் திறந்து பூசியிருக்கிறான். இப்போது எதிரே நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

"இன்னாமே, நான் இல்லாதப்போ வூட்டுக்கு யாரு வந்தது?"

"யாரு வருவாங்க?" என்றாள் மங்கை.

"அப்போ இந்த எண்ணெய் தானா நடந்து வந்துச்சா?"

அவள் எட்டிப் பார்த்தாள். "நான்தான்யா போட்டேன். உப்புக்காத்துல இரும்பு நிக்குமா? அத்தைகிட்ட வாங்கியாந்து அருவாமணைக்குத் தடவினேன், தாப்பாளுக்குத் தடவினேன், உன் மிஷினுக்கும் தடவினேன். உள்ள ஒரு எடம் வுடல."

"ஜன்னலத் தொறக்க யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீ தொறக்கறதப் பாத்துகினுதான கெடக்கேன்."

"பொய். இவன் வந்து பூசினான். நீ பக்கத்துல குந்திகினு இருந்தே."

ஊரே கேட்டது. மங்கையின் முகம் வெளுத்தது.

"வாய அளந்து பேசு நைனா," என்றான் மனோகரன். "என் கட்டுமரத்துக்கே எண்ணெய் பத்தல. உன் கலீஜ் மிஷினுக்கு நான் பூசறேனா?"

தங்கப்பாண்டி வானத்தைப் பார்த்தார். "பொண்டாட்டி வழக்க நாளைக்கு வச்சுக்கிடும்வே. பொழுது அடையுது. காஸ் லைட்டக் கொண்டாரச் சொல்லவா?"

"வேணாம்."

குச்சியில் துணி சுற்றிப் பெட்ரோலில் நனைத்து உள்ளே விட்டான் கருணாகரன். மேலாக வழுக்கியது, பிசின் போகவில்லை. விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கையை நுழைத்தான். பெருவிரல் முட்டில் நின்றுவிட்டது. மிஷினைப் பிரித்தால் நாடகம் முடிந்துவிடும்.

"தள்ளு," என்று மனோகரன் குந்தினான். கயிறு இழுத்துக் காய்த்த கை. விரல் நுனிகளுக்கு மேல் போகவில்லை. அழுத்தினான். வெளியே எடுத்தபோது முட்டியில் தோல் உரிந்திருந்தது.

கருணாகரன் அந்தக் கையையே பார்த்தான்.

மங்கை துணியைப் பிடுங்கினாள். வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். மீனின் செவுளுக்குள் போவதுபோல அவள் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. எந்த மூலை எங்கே என்று அவள் தடவித் தேடவில்லை.

பூசியது அவள்தான். தப்பை ஒத்துக்கொள்ள வேண்டியவன் கருணாகரன். அவன் மனசு அதற்குள் வேறு இடத்துக்குப் போயிருந்தது. எண்ணெய் வாங்க அந்த வீட்டுக்கு எத்தனை தரம் போனாள்? ஊற்றிக் கொடுத்தது தாயா, மகனா?

உருளையின் மறுபக்கத்தைத் துடைக்க இன்ஜின் கைப்பிடியை மெள்ளச் சுற்ற வேண்டும். இன்ஜின் கிளம்பிவிடாமல் பிளக் வயரைப் பிடுங்கிவிட்டுக் கைப்பிடியில் கை வைத்தான். கொஞ்சம் வேகமாகத் திருப்பினாலும் கரிக்கட்டைக்கும் செம்புக்கும் நடுவே விரல் மாட்டும்.

"நீ தொடாத," என்றாள் மங்கை. கை உள்ளேயே இருந்தது. "உன்கிட்ட என் கையக் குடுக்க மாட்டேன். மாமா, நீ சுத்து."

மனோகரன் கருணாகரனைப் பார்த்தான். கருணாகரன் விலகினான்.

"போதுமா?" மனோகரன் கைப்பிடியைத் திருப்பினான்.

"இன்னும் ஒரு ரவ சுத்து."

"இப்போ?"

"நிறுத்து."

அவன் மிஷின், அவன் பெண்டாட்டி. கருணாகரன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பெட்ரோல் காய்ந்ததும் கரிக்கட்டைகளை உப்புத்தாளில் தேய்த்து மாட்டினான். இன்ஜினைக் கிளப்பி, பேட்டரியைத் தொட்டான். பல்புகள் சிவந்து, மஞ்சளாகி, வெளுத்தன. குப்பம் கூச்சல் போட்டது. தங்கப்பாண்டி பேட்டரியைத் தூக்கச் சொல்லிவிட்டு நடந்தார்.

கருணாகரனால் செட்டை விட்டு நகர முடியாது. மங்கை பெண்கள் வரிசையில் பவுனம்மாள் பக்கத்தில், நேர் பல்புக்குக் கீழே உட்கார்ந்தாள். அவன் நாடகத்தைப் பார்க்கவில்லை. அவள் திரும்பவில்லை.

அடுத்த ஐப்பசியில் கருணாகரன் வெளியூர் போகவில்லை. வீட்டிலேயே இருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மங்கை அரிவாள்மணைக்கு எண்ணெய் தடவினாள், தாழ்ப்பாளுக்குத் தடவினாள். மிஷினைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

மாசி வந்தது. தகட்டைத் திறந்தான். உள்ளே துரு பூத்திருந்தது. எண்ணெய் வாடை இருக்கிறதா என்று மூக்கை வைத்து முகர்ந்தான். இரும்பு வாசனையைத் தவிர வேறு எதுவும் இல்லை.