ஜூனோவைப் பற்றிய விளம்பரம்

பதினோராம் வகுப்புக் கெசையா, வகுப்பு மாறுவதற்கான படிவத்தை மேசையில் வைத்தாள். அம்மாவின் கையெழுத்து இருந்தது. ஆசிரியை வெர்லீன் போட வேண்டியதுதான் பாக்கி.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். அடிமைக் காலம்னாலே வருஷா வருஷம் நம்ம கறுப்பு ஆளுங்க அடி வாங்குறதத்தான் காட்டுறாங்க. எனக்குப் போதும்."

வெர்லீனுக்குச் சுருக்கென்றது. அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் இருபது வருடமாக வரலாறு நடத்துகிறாள். இப்படி ஒரு கெட்டிக்காரியை விட மனம் வருமா? "மணி அடிக்கட்டும், போட்டுத் தரேன்," என்று படிவத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு வகுப்பில் எல்லோருக்கும் 1829ஆம் வருடத்து வாரப் பத்திரிகை நகல்களைக் கொடுத்தாள். டெவோன் உரக்கப் படித்தான்:

"என் அடிமைச் சமையல்காரி ஜூனோ ஓடிவிட்டாள். சிரிப்புச் சத்தம் பலமாக இருக்கும். ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வாள். போகும்போது என் மனைவியின் புதுத் தொப்பியையும் கொண்டுபோய்விட்டாள். பிடித்துத் தருவோருக்குச் சன்மானம். தாமஸ் வார்லி."

வகுப்பே சிரித்தது.

"திட்டுறதா நெனச்சுப் புகழ்ந்து தள்ளியிருக்கான் மிஸ்," என்றான் டெவோன்.

கெசையா சிரிக்கவில்லை. "பிடிச்சாங்களா?"

"எனக்கும் தெரியாதும்மா. பிடிச்சிருந்தா விளம்பரத்த நிறுத்தியிருப்பான். தேடிப் பாருங்க."

அடுத்த வாரமும் விளம்பரம் இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது. "இருக்கு" என்று ஒருவர் சொல்லும்போதெல்லாம் மற்றவர்கள் மேசையைத் தட்டினார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பதினான்காம் வாரம் இல்லை. பதினைந்திலும் இல்லை. சத்தம் அடங்கிப்போயிற்று. ஜூனோ பிடிபட்டுவிட்டாளோ? கடைசியில் நானும் இந்தப் பெண்ணை அதே அடியில்தான் கொண்டுபோய் நிறுத்தினேனா என்று வெர்லீன் நொந்துகொண்டாள். மணி அடித்தது. யாரும் எழவில்லை.

கெசையா பதினாறாம் வாரத்தின் கடைசிப் பக்கத்தில், அரிசி விளம்பரத்துக்கும் கோவேறு கழுதை விளம்பரத்துக்கும் நடுவே விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். விரல் நின்றது.

"மிஸ், இதக் கேளுங்க. 'உடனடியாகச் சமையல்காரி தேவை. அதிகம் பேசாதவளாகவும் வயதானவளாகவும் இருந்தால் நல்லது. தாமஸ் வார்லி.'"

கூரை பறக்கும்போல் கூச்சல் எழுந்தது.

"வயசானவ எதுக்காம்?" என்றான் டெவோன்.

"ஓட முடியாதவளாப் பாக்குறான்டா," என்றாள் கெசையா.

ஜூனோ தப்பித்தாள் என்பதற்கு இது மட்டும் சாட்சியாகாது என்று சொல்ல வாயெடுத்த வெர்லீன், அதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. பேனாவை எடுத்துக்கொண்டு படிவத்தைத் தேடினாள். அதன்மேல் கெசையா முழங்கையை ஊன்றியிருந்தாள்.

"அடுத்த வருஷத்துப் பேப்பர் இருக்கா மிஸ்? அந்தக் கிழவியும் ஓடினாளான்னு பாக்கணும்."