பன்னிரண்டு நிமிஷம் வேகம்

வெல்டிங் பட்டறையைக் கழுவித் துடைத்திருந்த லட்சணத்தைப் பார்த்தால், அங்கே தினமும் இரும்பு வெட்டுகிறார்கள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். சிலிண்டர்கள் ஒரு மூலைக்குப் போயிருந்தன. நாற்பது வாடகை நாற்காலிகள். செய்யாத கொலைக்கு ஏழு வருஷம் உள்ளே இருந்த வெல்டர் விடுதலையாகிப் பத்தாவது நாள், பகல் விருந்து.

டைம்கீப்பருக்கு முதல் வரிசையில் இடம். அங்கேதான் வினையே. பின்னால் எங்காவது ஒண்டிக்கொண்டு, தலையைக் காட்டிவிட்டு நழுவிவிடலாம் என்று வந்தவரை, வெல்டரின் அக்கா கையைப் பிடித்து இழுத்து வந்து முன்னால் உட்கார்த்திவிட்டாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், தம்பியை மீட்டுக் கொடுத்த அண்ணன் இவர்தான் என்று காட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார்.

அவர் முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் நேரம் பார்த்தவர். டிரைவர்கள் டீக்கடையை விட்டு எழுந்தால்தானே? கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், ஒருநாள் ஸ்டூல் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைப் பன்னிரண்டு நிமிஷம் வேகமாக வைத்துவிட்டார். அதன்பின் பஸ்கள் ஒழுங்காகக் கிளம்பின. நாளடைவில் டிரைவர்களுக்கும் விஷயம் தெரியும், அவர்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த நிலையத்துக்குள் அதுதான் நேரம் என்று ஆகிப்போனது; போகப்போக அது வேகம் என்பதே அவருக்கு மறந்துபோனது.

நிலையத்துக்குப் பின்தெரு மருந்துக்கடைக்காரரை யாரோ குத்திக் கொன்றது ஒன்பது பத்துக்கு. அன்றைக்கு ஓடி வந்து பஸ்ஸில் தொற்றிய வெல்டரை டைம்கீப்பர் திட்டியிருக்கிறார். எத்தனை மணிக்கு என்று கோர்ட்டில் கேட்டார்கள். ஒன்பது இருபது என்றார். கடிகாரத்தைப் பார்த்தாரா? பார்த்தார். அவ்வளவுதான். நேரத்துக்கே காவல் இருக்கிறவர் சொன்னால் மறுபேச்சு ஏது? உண்மையில் அப்போது மணி ஒன்பது எட்டு. கொலை நடந்த நேரத்தில் வெல்டர் ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

இதெல்லாம் ஊருக்கே தெரிந்துவிட்டது. தெரியாதது ஒன்றுதான். வெல்டரின் வக்கீலம்மாவிடம் போய், ரிட்டயர் ஆனபிறகு ஒருநாள் சும்மா யோசித்தபோது பொறி தட்டியது என்று அவர் சொல்லியிருந்தார். பொய். புதிதாக வந்த மேனேஜர் கடிகாரத்தைத் திருத்தி வைத்த அன்றே, அதே நிமிஷமே தட்டிவிட்டது. வெல்டர் உள்ளே போய் அப்போது இரண்டு வருஷம். சொன்னால் வேலை போகும், பொய்சாட்சி என்று தன்னையே உள்ளே தள்ளுவார்கள் என்று பயந்து, ரிட்டயர் ஆகும்வரை ஐந்து வருஷம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கோழைத்தனத்துக்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

அவர் மனைவிக்குத் தெரியும். வரும் வழியெல்லாம் அதைத்தான் ஓதிக்கொண்டு வந்தாள். "அந்தப் புள்ள வெளிய வந்துடுச்சு. இனிமே சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது? சாப்பிட்டமா, வந்தமான்னு இருங்க."

வக்கீலம்மா பேசினார். அக்கா பேசத் தொடங்கி அழுது உட்கார்ந்தாள். பிறகு வெல்டர் எழுந்தான். பேச்சு வராத ஆள். யார் மேலேயும் கோபமில்லை என்றான். டைம்கீப்பர் பக்கம் திரும்பி, தப்பு என்று தெரிந்த மறுநாளே ஓடி வந்தவர், இப்படி ஒரு மனுஷரை எங்கே பார்க்க முடியும் என்று கையெடுத்துக் கும்பிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணன் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டாள்.

அவர் எழுந்தார். மனைவி சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். நன்றி என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும், சாகும்வரை இந்த வீட்டில் அவருக்கு முதல் நாற்காலி. வாயைத் திறந்தார்.

"மறுநாள் இல்லப்பா," என்றார். "அஞ்சு வருஷம் கழிச்சு வந்தேன். நீ போன ரெண்டாவது வருஷமே எனக்குத் தெரியும். வேலை போயிடும்னு சொல்லல."

தட்டிக்கொண்டிருந்த ஒரு கை நடுவில் நின்றது. மனைவி சட்டையை விட்டுவிட்டாள். அக்காவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

வெல்டர் "எந்த மாசம்?" என்று மட்டும் கேட்டான்.

அவர் சொன்னார். கடிகாரத்தைத் திருத்திய மாசம் எப்படி மறக்கும்?

வெல்டர் அந்த மாசத்திலிருந்து விரல் மடக்கி எண்ணினான். இரண்டு விரல் மடங்கியதும் நிறுத்தினான்.

"அப்ப எங்கம்மா உயிரோட இருந்தாங்க," என்றான்.

யாரோ ஒருவர் ஆவேசமாக முன்னால் வந்தார். வெல்டர் கையைக் காட்டி நிறுத்தினான். அவனே போய் ஒரு தட்டில் சாப்பாடு போட்டு எடுத்து வந்து, டைம்கீப்பர் முன்னால் வைத்தான்.

"கூப்பிட்டது நாங்க. சாப்பிட்டுட்டுப் போங்க," என்றான். "அதுக்கப்புறம் என் கண்ணுல படாதீங்க."

ஓடிவிடலாம் போலிருந்தது அவருக்கு. அந்த உரிமையும் தனக்கு இல்லை என்று தோன்றியது. நாற்பது பேர் பார்த்திருக்க, ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளி, தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்.