லேபிள் போன புட்டி

அன்று மாலை மருந்தகத்தில் இருந்தவர்கள்: கம்பிச் சன்னலுக்கு உள்ளே மருந்தாளுநர் அம்மா; வெளியே என் அக்கா, துணைக்கு நான், எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி ஓட்டுநர். இரவு வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடக்கிறேன். ஆஸ்பத்திரி என்றால் நான்தான் துணை.

அக்காவுக்கு ஹெபடைட்டிஸ் சி. கல்லீரலைத் தின்கிற கிருமி. பன்னிரண்டு வார மாத்திரை, மூன்று புட்டி. கடையில் வாங்கினால் வீட்டை விற்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் காலிப் புட்டியைக் கொடுத்து, அதன் லேபிள் எண் நோயாளி அட்டை எண்ணோடு ஒத்துப்போனால்தான் அடுத்த புட்டி. மருந்து வெளியே விலை போகக் கூடாதே. இரண்டாவது புட்டியின் கடைசி மாத்திரையை அக்கா அன்று காலையில் விழுங்கியிருந்தாள். அடுத்த இரண்டு நாளும் விடுமுறை. இடையில் விட்டால் பட்ட பாடெல்லாம் வீணாகலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

அக்கா நீட்டிய புட்டி வெள்ளைவெளேரென்று இருந்தது. லேபிள் இல்லை.

"என்னம்மா இது?"

"அழுக்கா எப்படிக் குடுக்கறதுன்னு வெந்நீர்ல ஊறப்போட்டுத் தேச்சேன்மா."

"உன்னை யாருக்கா தேய்க்கச் சொன்னது?" என்றேன்.

"நீ ஒரு டம்ளர் கழுவியிருப்பியாடா இந்த வீட்ல?"

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "என் புட்டில டீசல் வாடை அடிக்கும். இதுல தண்ணியே குடிக்கலாம் போல."

மருந்தாளுநர் அம்மா சிரிக்கவில்லை. புட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை நகத்தால் தடவினார். அங்கே ஊசியால் கீறிய நான்கு இலக்கங்கள். அக்காவின் அட்டை எண்.

"ஈரக் கையோட எடுக்கறவங்கதான் பாதிப் பேரு. லேபிள் நிக்காதுன்னு தெரியும். அதான் குடுக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்துலயும் கீறி வச்சுடறேன்."

அலமாரியில் ஆளுக்கொன்றாக எண் ஒட்டிய புட்டிகள் முந்நூறாவது இருக்கும். யாரும் அவரைக் கீறச் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் சொல்லாத வேலையை ஒருவரும் செய்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

"இது எனக்குப் போதும். ஆனா லேபிள் இல்லாததுக்குப் பெரிய டாக்டர் கையெழுத்து வேணும். உக்காருங்க."

லிஃப்ட் ஓடவில்லை. முழங்காலில் பட்டை கட்டிய அந்த அம்மா காகிதத்தோடு மூன்று மாடி ஏறினார். திரும்பியபோது மூடும் நேரம் கடந்து இருபது நிமிடம். மூச்சு வாங்கியது. கையெழுத்து இருந்தது.

மூன்றாவது புட்டியை அக்காவிடம் கொடுத்தார். "நாளைக்குக் காலைல வழக்கம்போல போடுங்க. இதையாவது கழுவாம கொண்டாங்க."

அக்கா கும்பிடக் கை தூக்கினாள். அவர் அதற்குள் ஓட்டுநரின் புட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கொடுத்து முடித்து, எங்களை வெளியே போகச் சொன்னார். கடைசியாக நான் வாசலைத் தாண்டியதும் கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாளும் விழுந்தது.