மாற்றாமல் விட்ட பிரேக்

தேர்வாய் கண்டிகை ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். பெயர் சாம்சன். வேலையில் கெட்டி, வாய்தான் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். அந்த முதல் பாதியை இப்போது யாராவது சொன்னால் எனக்குக் கூசுகிறது.

என் தங்கை சோனியாவின் புருஷன் ஸ்டீபன், பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். முட்டைத் தட்டு அடுக்குகிற மாதிரி பத்து வருஷமாகச் சரக்கு அடுக்கியவன், ஒரு கீறல் விழுந்ததில்லை. அவனிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. ஊத்துக்கோட்டை வரை போய்வந்தால் போதும் என்று இருந்தவனை உசுப்பிவிட்டது நான்தான்.

"இன்னா மாப்ள, ஷேர் ஆட்டோலாம் உன்ன முந்திக்கினு போவுது? ரெண்டு மடங்கு பவரு ஏத்தித் தரேன், பாரு."

புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில் ஒரு பெரிய காரின் இன்ஜின் கிடைத்தது. முன்பக்கத்தை வெட்டி, வெல்டிங் வைத்து, மூன்று வாரத்தில் அதை உட்கார வைத்தேன். கூடவே அந்தக் காரின் பிரேக் செட்டும் வாங்கி வந்திருந்தேன். அது சக்கரத்தில் பொருந்தவில்லை. லேத்தில் கொடுத்துக் கடைந்தால் சரியாகிவிடும், நாலு நாள் ஆகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் வண்டிக்கு ஜெபம் பண்ணுவார் என்று சபை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. தேதி தள்ளிப்போனால் என் பவிசு என்னாவது? பழைய பிரேக்கையே விட்டுவிட்டேன். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஸ்டீபனிடம் சொல்லவில்லை. போதகர் பானட்டில் கைவைத்து ஜெபித்தபோது பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை கூட்ரோட்டில் ஸ்டீபன் ஓட்டிய கார் நிற்காமல் போய், நாஷ்டா கடை கன்னியம்மாவை இடித்துத் தள்ளியது. அவளுக்குக் கால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்டீபன் என்னைக் கேட்டான்.

"பிரேக்குன்னு நெனச்சிக்கினு ஆக்ஸிலேட்டர மிதிச்சிட்டனா மச்சான்?"

"பவரு வண்டி மாப்ள. பழக்கமில்லாம மிதிச்சிருப்ப," என்றேன்.

அதற்குப் பிறகு அவன் ஃபோர்க்லிஃப்டில் ஏறவில்லை. என் காலை என்னாலேயே நம்ப முடியவில்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு பேக்கிங் வேலைக்குப் போய்விட்டான். மகளை பைக்கில் ஏற்றவும் பயந்தான். சோனியா அவளைப் பள்ளிக்கு நடத்தியே கூட்டிப்போனாள். என் ஷெட் வழியாகத்தான் போவார்கள். அந்த நேரம் பார்த்து நான் ஏதாவது வண்டிக்கடியில் படுத்துக்கொள்வேன்.

இரண்டு மாதம் கழித்து, சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் ஸ்டீபன் எழுந்தான். கன்னியம்மாவையும் கெஞ்சி அழைத்து வந்திருந்தான்.

"என் பெருமையால ஒரு அக்கா கால ஒடிச்சிட்டேன். மச்சான் வண்டிய நல்லாதான் செஞ்சு குடுத்தாரு. தப்பு என்னுது."

சபை மொத்தமும் 'ஆமென்' என்றது. நானும் சொன்னேன். அப்படிப்பட்ட மனுஷன் நான்.

வெளியே வந்ததும் கன்னியம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்குப்பா அப்டி சொன்ன? நான் உன்னப் பாத்துக்கினுதானே இருந்தேன். சீட்ட உட்டு எழுந்துக்கினு மிதிச்ச. பிரேக்கு கிறீச்சுனு கத்துச்சு. வண்டிதான் நிக்கல."

ஸ்டீபன் என் பக்கம் திரும்பினான். அந்த முகத்தில் சந்தேகமே இல்லை. விஷயம் தெரிந்தவனிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் திரும்பினான். சந்தேகப்பட்டிருந்தால் இன்னொரு பொய்யும் சொல்லியிருப்பேன்.

"பிரேக்கத்தான் மிதிச்ச மாப்ள. அந்த இன்ஜினுக்கு அது தாங்காது. மாத்தாம குடுத்துட்டேன். எனக்கு அன்னிக்கே தெரியும்."

சட்டையைப் பிடிப்பான் என்று காத்திருந்தேன். பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் என்னை விட்டுவிட்டு சோனியாவிடம் ஓடினான்.

"நான் சரியாத்தான் மிதிச்சிருக்கேன் சோனி. சரியாத்தான் மிதிச்சிருக்கேன்," என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். சோனியா அவன் முதுகைத் தடவிக்கொண்டே, அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.