பீங்கானில் பதிந்த கட்டைவிரல்

என் தம்பிக்கு வாய் நீளம் என்று ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வார்கள். அக்காவான எனக்கு மட்டும் என்ன குறைச்சல்? அவன் வரைந்து கொடுப்பதை நான் பூட்டுவேன். பூட்டி முடிப்பதற்குள் கத்திக் கத்தி இருவருக்கும் தொண்டை கட்டிவிடும்.

கடைசியாக அவன் வடிவமைத்தது ஒரு ஸ்விட்ச். சுவரில் தட்டுகிற ஸ்விட்ச் இல்லை, பீரோ அளவு. பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயுவைச் சூடாக்கப் போகும் ரேடியோ மின்சக்தியை இந்த ஆண்டெனாவுக்கோ அந்த ஆண்டெனாவுக்கோ திருப்பிவிட வேண்டும். உள்ளே செம்புக் குழாயைத் தாங்கி நிற்கும் வெள்ளைப் பீங்கானில் துளி வியர்வை பட்டாலும் போச்சு, அந்த வழியாகவே தீப்பொறி ஓடும். கையுறை போடாமல் எவனாவது உள்ளே கைவிட்டால் தம்பி குதிகுதியென்று குதிப்பான். "உங்க கையில என்ன, பன்னீரா வழியுது?" என்று, ஆய்வகத்தின் வெற்றிட பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் பம்ப்காரரையே கேட்டிருக்கிறான். அவருக்கு அப்பா வயசு.

போன மாதம் அவன் போய்விட்டான். புற்றுநோய். சிகிச்சையில் உடம்பெல்லாம் வீங்கியும், முடிந்தவரை வேலைக்கு வந்தான்.

முழு சக்தி கொடுத்த முதல் சோதனையிலேயே ஸ்விட்சுக்குள் பொறி பறந்து எல்லாம் நின்றுபோனது.

"இன்னொரு தடவை இப்படி ஆனா தூக்கிப் போட்டுட்டு வெளியில வாங்கிடலாம்மா," என்றார் மேலாளர். "எனக்கும் மனசு கேக்கலதான்."

கல்யாணமா காட்சியா, அவன் விட்டுப்போனது இந்த ஒன்றுதான்.

மூடியைக் கழற்றினேன். பம்ப்காரர் டார்ச் பிடித்தார். பீங்கானில் ஒரு கட்டைவிரல் ரேகை, கரியாக. குறுக்கே ஒரு தழும்பு. சின்ன வயதில் சைக்கிள் செயினில் மாட்டிய விரல். யாருடையது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"அடப்பாவி! நீயாடா?" என்றேன்.

பம்ப்காரர் தலை குனிந்துகொண்டார். "அன்னிக்குக் கையுறை ஏறலம்மா. இருக்கிறதுலயே பெரிசும் ஏறல. கை அப்படி வீங்கியிருந்துச்சு. 'அக்காகிட்ட சொல்லிடாதீங்க, அழுவா'ன்னான்."

வேறு பீங்கான் வர மாசக்கணக்கில் ஆகும். நைஸ் உப்புத்தாளை எடுத்தேன்.

"போன்ல ஒரு படமாவது எடுத்துக்கோம்மா."

"எதுக்கு? கரியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

தேய்த்தேன். ரேகை வரி வரியாகப் போனது. தழும்புப் பக்கம் கரி ஆழமாக இறங்கியிருந்தது, அதையும் விடவில்லை. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தபோது பீங்கான் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் முழு சக்தி கொடுத்தார்கள். தாங்கியது. ஒரு பொறி இல்லை.

"இனிமே உங்க தம்பி ஸ்விட்ச்தான்!" என்றார் மேலாளர். "அப்படி என்னதான் கோளாறு?"

பம்ப்காரர் என்னைப் பார்த்தார்.

"அழுக்கு, சார்," என்றேன்.

"எவனோ வெறுங்கையை வெச்சிருக்கான். உங்க தம்பி இருந்திருந்தா தோலை உரிச்சிருப்பான்," என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, "அழுக்குன்னு சொல்லிட்டேனேடா" என்று வாய்விட்டு அழுதேன்.