பாஸ்டரின் கடைவாய்ப் பல்

அமராவதிபுதூர்க் கல்யாண மண்டபத்தின் வாசலில் பாஸ்டர் யோசுவா முத்துக்கருப்பன் பனைமர உயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே தங்க எழுத்தில் 'பாடுகளிலும் பரவசம்'. உள்ளே, மேடைக்குப் பின்னால், அந்த ஃப்ளெக்ஸின் அசல் கடைவாய்ப் பல்லைக் கையால் அழுத்திக்கொண்டு சிரிக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

வலி கிடக்கட்டும், வெளியே தெரிந்தால்தான் வில்லங்கம். போன மாதம் மூட்டுவலிக்கு ஜெபம் கேட்டு வந்த அன்னக்கிளியைச் சபை நடுவே நிறுத்தி, "விசுவாசி உடம்புல வலிக்கு என்ன வேலை? ஒங்க விசுவாசத்துல ஓட்டை இருக்கு" என்று அறிவித்தவர் அவர்தான். அன்றோடு அவள் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். இப்போது இவர் எந்த முகத்தோடு பல் டாக்டரிடம் போவது? காரைக்குடியில் எந்த டாக்டர் வாசலிலும் சபையார் ஒருத்தராவது டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்.

"என்னங்க பாஸ்டர், ஒரு பக்கமா பெருத்துட்டீக?" என்றார் கருத்தையா. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். சபையில் யார் பரவசத்தில் ஒருத்தருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசினாலும் உடனே எழுந்து அதற்குத் தமிழில் அர்த்தம் சொல்வது அவருடைய ஊழியம்.

"அபிஷேகம்" என்றார் பாஸ்டர் பாதி வாயால்.

மேடையேறினார். யோபுவின் பொறுமையைப் பற்றி ஆரம்பித்து, தொண்டையை நனைக்க ஒரு வாய் ஐஸ் தண்ணீர் குடித்தார். வலி உச்சிமண்டைக்கு ஏறியது.

"ஆ... ஷ்ஷா... ரபா... ஊஊஹ்!"

மண்டபமே எழுந்து நின்றது. கீபோர்டு பொங்கியது. கருத்தையா கையை உயர்த்தினார். "என் ஜனமே, புதிய வாசலைத் திறக்கிறேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்!"

பாஸ்டர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். சபையும் ஆட்டியது. வலி பொறுக்காமல் தரையை உதைத்தார். சபையும் உதைத்தது.

அன்னக்கிளி மட்டும் காலை இழுத்து இழுத்து முன்னால் வந்து, மேடையோரம் நின்று அவர் கன்னத்தை உற்றுப் பார்த்தாள்.

"பல்லா?"

தலையாட்டினார்.

"இதுக்கா இம்புட்டுக் கூத்து? வலிச்சா வலிக்குதுன்னு ஆண்டவருகிட்டச் சொல்ல வேண்டியதுதான? நான் அன்னாடம் சொல்றேன். காலு சரியாகலதான். அதுக்காக அவருகிட்டப் பேசாம இருந்துருவேனா?"

பாஸ்டருக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தைப் பல் தின்றுவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வசனமும் கைகொடுக்கவில்லை. மைக் மட்டும் கையில் இருந்தது.

"ஆண்டவரே, வலிக்குது" என்றார். "தாங்க முடியல. என்கூட இரும்."

கீபோர்டு நின்றது. சொன்னது பச்சைத் தமிழ், அர்த்தம் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் கருத்தையாவின் கை பழக்க தோஷத்தில் உயர்ந்துவிட்டது, வாயும் திறந்துவிட்டது.

"எனக்கும் வலிக்கிறது என்று கர்த்தர் சொல்லுகிறார்!"

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப் போனார். யாரும் அல்லேலூயா போடவில்லை.

"ஆமென்" என்றாள் அன்னக்கிளி, மேடைப்படியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே. "வாங்க பாஸ்டர், பல் டாக்டருக்குப் போவோம். ஆட்டோவுல எனக்கும் ஒரு எடம் விடுங்க. எலும்பு டாக்டரும் அங்குட்டுத்தான் இருக்காரு."